ரீமேப்பா, கோய்லோவரா, சிமுலேட்டரா: அந்த 5 நொடி எங்கே போகிறது?

கேள்வி: முன்சக்கர இழுவை, மேனுவல் கியர், டர்போ எஞ்சின் கொண்ட ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். இதுவரை ஐந்து ட்ராக் டே (சொந்தக் காரைப் பந்தய ட்ராக்கில் ஓட்டிப் பழகும் நாள்) போய்விட்டேன். லேப் நேரம் 2 நிமிடம் 4 நொடியிலேயே நின்றுவிட்டது. பயிற்சியாளர் என் காரையே வாங்கி ஓட்டி 1 நிமிடம் 59 நொடியில் முடித்தார். நாலாவது லேப்பில் பிரேக் பெடல் மெத்தென்று ஆகிவிடுகிறது. முன் டயர்களில் வெளி விளிம்பு மட்டும் சீக்கிரம் தேய்கிறது. கையில் இருக்கும் பணத்துக்குப் பெரிதாக ஒன்றுதான் முடியும்: இசியூ ரீமேப் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது), கோய்லோவர் சஸ்பென்ஷன் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்), இல்லையென்றால் வீட்டில் ஒரு சிமுலேட்டர். எது முதலில்? சிமுலேட்டர் உண்மையிலேயே உதவுமா, இல்லை வெறும் விளையாட்டா?

பதில்: பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பயிற்சியாளர் உங்கள் காரில், உங்கள் டயரில், அதே வெயிலில் 5 நொடி குறைத்து ஓட்டியிருக்கிறார். அப்படியென்றால் 1:59க்கு வேண்டிய எல்லாம் அந்தக் காரில் இப்போதே இருக்கிறது. லேப்புக்கு 12 வளைவு என்று வைத்துக்கொண்டால் ஒரு வளைவுக்கு 0.4 நொடி போகிறது. ஏதோ ஓரிடத்தில் பெரிதாகக் கோட்டைவிடுகிறவர் இப்படி மூன்று நாலு ட்ராக் டேயாக ஒரே எண்ணில் நிற்க மாட்டார். ஒரே சின்னத் தவறை எல்லா வளைவிலும் செய்கிறீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். தேய்ந்த டயர் விளிம்பு அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதற்கு வருவோம்.

அதற்கு முன் பிரேக். நீங்கள் கேட்ட மூன்றிலும் அது இல்லை. ஆனாலும் அதைச் சரிசெய்யாமல் அடுத்த ட்ராக் டேக்குக் கிளம்பாதீர்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கி.மீ. வேகத்திலிருந்து 72 கி.மீ.க்கு இறங்கும்போது சுமார் 1.26 மெகாஜூல் ஆற்றல் காரை விட்டு வெளியேற வேண்டும். அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக மாறுகிறது. 25 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு வெப்பம் போதும். அது மூன்று நாலு நொடிக்குள் நடக்கிறது, ஒரு லேப்பில் பல தடவை நடக்கிறது. அந்தச் சூடு கேலிபர் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பகுதி) வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், அதனால் பெடலும் அமுங்கும். நீங்கள் சொல்லும் மெத்தென்ற உணர்வு இதுதான். பெடல் கல்லு மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை, அங்கே பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டியிருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. அதிலேயே 3.7 சதவீதம் நீர் ஏறிவிட்டால் விதி கேட்கும் அளவு 155 டிகிரிதான். டாட் 5.1 ஆயிலுக்கு இந்த எண்கள் 260, 180. பந்தயத்துக்கென்று வரும் ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரியையும் தாண்டும். பெயரைப் பார்த்து ஏமாந்து டாட் 5 ஆயிலை வாங்கிவிடாதீர்கள், அது சிலிகான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. நல்ல ஆயில், ட்ராக்கையும் சாலையையும் ஒருசேரத் தாங்கும் பேட், ஒவ்வொரு ட்ராக் டேக்கு முன்பும் பிளீடிங் (குழாயில் உள்ள காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்றுவது): இவ்வளவு போதும். முழுப் பந்தய பேடைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப் போகும் யோசனை வேண்டாம். அது சூடேறும்வரை சரியாகப் பிடிக்காது. அப்புறம், கடைசி லேப்பைப் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிக் காற்றில் ஆறவிடுங்கள். உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் விடுங்கள்.

இப்போது ரீமேப்பை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். வேகம் கூடக்கூட ஆற்றல் வர்க்கத்தில் கூடும். அதே வளைவுக்கு 180க்குப் பதிலாக 190 கி.மீ.யில் வந்து சேர்ந்தால் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் 13 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். ஏற்கனவே நாலாவது லேப்பில் கைவிடும் பிரேக்குக்கு நீங்கள் தரும் பரிசு அது. லேப் நேரம் கொஞ்சம் குறையும்தான், மறுக்கவில்லை. ஆனால் நேர்பாதையில் குறைந்த நொடியைப் பார்த்துவிட்டு ஓட்டுவது மேம்பட்டதாக நினைத்துக்கொள்வோம். அந்த ஏமாற்றத்தில் நானும் ஒரு வருடம் இருந்திருக்கிறேன். சைலன்சர் மாற்றுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. சத்த வரம்பு வைத்திருக்கும் ட்ராக்குகள் நிறைய இருக்கின்றன, காலையிலேயே கொடி காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள்.

டயர் விளிம்புக்கு வருவோம். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு) உள்ள கார்களில் கம்பெனி கொடுக்கும் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) பெரும்பாலும் 1 டிகிரிக்கும் குறைவு. வளைவில் கார் சாயும்போது டயர் தன் வெளித்தோளில் நிற்கிறது, அங்கேதான் தேய்கிறது. கேம்பர் போல்ட்டோ கேம்பர் பிளேட்டோ போட்டு 2 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் டயரின் ஆயுளும் கூடும், முன்பக்கப் பிடிப்பும் கூடும். முழு கோய்லோவரோடு ஒப்பிட்டால் சின்ன வேலை. கோய்லோவர் போட்டவர்கள் முதலில் செய்வது காரைத் தரையோடு தரையாக இறக்குவது. ஸ்ட்ரட் காரில் அளவுக்கு மீறி இறக்கினால் ரோல் சென்டர் (எந்தப் புள்ளியைச் சுற்றிக் கார் சாய்கிறதோ அது) காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். சாய்வைக் குறைக்கப் போனவர் சாய வைக்கும் நெம்புகோலை நீளமாக்கிவிடுகிறார்.

காற்றழுத்தத்துக்குச் செலவே இல்லை, ஆனால் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. டயருக்குள் காற்று ஒவ்வொரு 6 டிகிரி சூடேறும்போதும் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். காலையில் 32 வைத்துப் புறப்பட்டது மூன்று லேப்பில் 39, 40 என்று நிற்கும். உள்ளே வந்த உடனே, சூட்டோடு அளந்து, நாலு டயரும் நீங்கள் வைத்திருக்கும் சூட்டு இலக்குக்கு வரும்படி காற்றை இறக்குங்கள். டயர் தோளில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டினால் எதுவரை அழிகிறது என்று பார்க்கலாம். பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் அழுத்தம் குறைவு. வீடு திரும்பும் முன் காற்றை மறுபடி ஏற்ற மறக்காதீர்கள்.

ஆனால் அந்தத் தேய்மானத்துக்குக் கேம்பர் மட்டும் காரணமாக இருக்காது. உங்கள் நிலையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து போகும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: நேர்பாதையில் கடைசி நொடிவரை ஆக்சிலேட்டர், பிறகு ஒரே மிதியில் பிரேக், வளைவு ஆரம்பிக்கும் இடத்தில் காலைச் சட்டென்று எடுத்துவிடுவது, அதே நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புவது. பிரேக் போடும்போது எடை முன்பக்கம் வந்து முன் டயர்களைத் தரையில் அழுத்திப் பிடித்திருக்கும். காலைச் சட்டென்று எடுத்தால் முன்மூக்கு எழும்பும், அழுத்தம் போய்விடும். சரியாக அந்தக் கணத்தில்தான் நீங்கள் அந்த டயர்களைத் திரும்பச் சொல்கிறீர்கள். அவை வழுக்கும். நீங்கள் இன்னும் கொஞ்சம் ஸ்டீயரிங்கைத் திருப்புவீர்கள். டயர் தன் வெளித்தோளைத் தரையில் அரைத்துக்கொண்டு போகும். அண்டர்ஸ்டியர் (திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளியே போவது) என்று காரின் மேல் பழி விழும்.

செய்ய வேண்டியது காலை மெல்ல விடுவது. ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப பிரேக் அழுத்தம் படிப்படியாகக் குறைய வேண்டும். முழுக்கத் திரும்பியிருக்கும் நேரத்தில் கால் பெடலை விட்டிருக்க வேண்டும். ட்ரெயில் பிரேக்கிங் என்பது இதைத்தான். பிரேக்கை 10 மீட்டர் முன்னதாகவே ஆரம்பித்தாலும் பரவாயில்லை. கார் சீக்கிரம் திரும்பிவிடும், ஆக்சிலேட்டரும் சீக்கிரம் வரும். வளைவிலிருந்து 80க்குப் பதிலாக 85 கி.மீ.யில் வெளியே வந்தால் 500 மீட்டர் நேர்பாதையில் மட்டும் கால் நொடிக்கு மேல் மிச்சம். தாமதமாகப் பிரேக் போட்டு இவ்வளவு சம்பாதிக்க முடியாது.

சரி, இந்தக் காலை எங்கே பழக்குவது? ட்ராக்கில் ஒரு நாளைக்கு 40 லேப் கிடைத்தாலே அதிகம், அதிலும் பாதி போக்குவரத்தில் போய்விடும். வீட்டில் ஒரு மாலையில் அவ்வளவு ஓட்டலாம். அதனால் என் ஓட்டு சிமுலேட்டருக்கு, ஒரு நிபந்தனையோடு: பணத்தைப் பெடலில் போடுங்கள்.

எல்லாரும் முதலில் பார்ப்பது ஸ்டீயரிங். கியரில் ஓடுவதா, பெல்ட்டா, மோட்டாரிலேயே நேராக மாட்டிய டைரக்ட் டிரைவா, எத்தனை நியூட்டன் மீட்டர் என்று வாரக்கணக்கில் ஆராய்வார்கள். டைரக்ட் டிரைவ் அருமையானதுதான், 5 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் ஆரம்ப ரகமே உங்களுக்குப் போதும். ஆனால் சாதாரண செட்டோடு வரும் பிரேக் பெடல், கால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளக்கிறது. நிஜக் காரில் பெடல் கொஞ்ச தூரம்தான் போகும், மீதி எல்லாம் அழுத்தம். தசை நினைவில் வைத்திருப்பதும் அழுத்தத்தைத்தான். லோட் செல் உள்ள பெடல் அதைத்தான் அளக்கும். அதை ஆடாத சட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து 40 கிலோ அழுத்தினால் நீங்கள்தான் பின்னால் போவீர்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. சிமுலேட்டரில் இடது காலால் பிரேக் போடும் பழக்கம் வந்துவிடும், அது சௌகரியம். உங்கள் கார் மேனுவல். ட்ராக்கில் வலது காலால்தான் பிரேக் போடப் போகிறீர்கள், அப்போது இடது கால் கற்றதெல்லாம் வீண். வலது காலாலேயே பழகுங்கள், மூன்று பெடலோடு, ஹீல் அண்ட் டோ (பிரேக்கை மிதித்தபடியே அதே காலால் ஆக்சிலேட்டரைத் தட்டிக் கியரை இறக்குவது) உட்பட.

திரையில் பார்வைக் கோணத்தைச் சரியாக வையுங்கள். 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் இருந்தால் கிடைமட்டக் கோணம் 46 டிகிரி வரும். முதலில் குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும், வேகமும் குறைந்தது போலத் தோன்றும். ஆனால் தூரங்கள் நிஜ அளவில் தெரியும், பிரேக் போடும் இடத்தைக் கண் சரியாகக் கணிக்கும். சில மென்பொருள் செங்குத்துக் கோணத்தைக் கேட்கும், எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

சிமுலேட்டர் மென்பொருள் ஐரேசிங், அசெட்டோ கோர்சா எதுவானாலும் சரி. லேசர் ஸ்கேன் செய்த ட்ராக் ஒன்று, உங்கள் காரைப் போன்ற முன்சக்கர இழுவைக் கார் ஒன்று, சாலை டயர். ஃபார்முலா காரைத் தொடாதீர்கள், உங்கள் காலுக்கு அது எதையும் சொல்லித் தராது. தரையில் வரைந்து காட்டும் கோட்டை அணைத்துவிடுங்கள், ஏபிஎஸ்ஸையும் அணையுங்கள். வேகத்தை விட்டுவிட்டு, பத்து லேப்பும் ஒன்றுக்கொன்று அரை நொடிக்குள் இருக்கும்படி ஓட்டுங்கள். பிறகு டெலிமெட்ரியை (பெடல், வேகம் எல்லாம் பதிவான வரைபடம்) திறந்து பிரேக் கோட்டை மட்டும் பாருங்கள். செங்குத்தாக ஏறி, சாய்வாக இறங்க வேண்டும். இறக்கமும் சுவர் மாதிரி இருந்தால் அதுதான் உங்கள் 0.4 நொடி. முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள், களைத்த கால் தவறைத்தான் பழகும்.

சிமுலேட்டரால் ஓட்டுநர் உருவாக முடியுமா என்று சந்தேகமிருந்தால் இரண்டு பேரைச் சொல்லலாம். 2008இல் ஜிடி அகாடமி என்ற, கிரான் டூரிஸ்மோ வீடியோ கேம் ஆடுபவர்களுக்கான போட்டியில் வென்ற லூகாஸ் ஒர்டோனெஸ், 2011 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் இருந்தார். ஐரேசிங்கில் கற்றுக்கொண்டு வந்த வில்லியம் பைரன் 2024, 2025 இரண்டு வருடமும் அமெரிக்காவின் டேட்டோனா 500 கார் பந்தயத்தை வென்றார். இருவரும் திரையிலிருந்து நேராகப் பந்தயத்துக்குள் குதித்துவிடவில்லை, நடுவில் நிஜக் காரில் நிறையப் பயிற்சி இருந்தது.

ஏனென்றால் திரை சொல்லாதவை உண்டு. நிஜக் காரில் பின்பக்கம் நழுவத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன்பே இடுப்பு சொல்லிவிடும். வீட்டில் இடுப்பு ஊமை. பிரேக் கொதிப்பதும் பயமும் வீட்டில் கிடையாது. மோதினால் ஒரு பொத்தான். இந்தத் துணிச்சல் ட்ராக்குக்குக் கூடவே வந்துவிடுவதுதான் எனக்குக் கவலை. அதனால் அடுத்த ட்ராக் டேயில் முதல் செஷனை 80 சதவீதத்தில் ஓட்டுங்கள். திரையில் பழகிய பிரேக்கிங் பாயிண்டுகளை மறந்துவிட்டு 30 மீட்டர் முன்னதாகத் தொடங்குங்கள். திரையில் ஏறி இறங்கிய உயரமான கெர்ப் (ட்ராக் ஓர மேடு) பக்கமே போகாதீர்கள்.

பெடல்களைப் பார்த்தபடி காலடியில் ஒரு சின்ன கேமராவைக் கெட்டியாகப் பொருத்தி, வீட்டு டெலிமெட்ரியோடு அதை ஒப்பிடுங்கள். அடுத்த முறை பயிற்சியாளரையும் அதே கேமராவோடு இரண்டு லேப் ஓட்டச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு நொடிக்குள் வந்த பிறகு கோய்லோவர் பற்றி எழுதுங்கள், எந்த ஸ்பிரிங் ரேட் (ஸ்பிரிங்கின் விறைப்பு), எவ்வளவு உயரம் என்று அப்போது பேசலாம். ரீமேப் அதற்கும் பிறகு.