டிபன் பாக்ஸ் சாப்பாடு தாமசமா?

கேள்வி: காலை 6.30 மணிக்குச் சமைத்துக் கட்டிக்கொண்டு போவதை, மதியம் 1.30 மணிக்கு ஆபீஸில் கணினியைப் பார்த்தபடியே சாப்பிடுகிறேன். சமைத்து ஒரு யாமம், அதாவது 3 மணி நேரம் கடந்த உணவு தாமசம், அதாவது மந்த குணத்துக்குரியது என்று கீதை சொல்வதாக ஒரு சொற்பொழிவில் கேட்டதிலிருந்து மனம் உறுத்துகிறது. ஆபீஸில் அடுப்பு கிடையாது. என் மாமனார் இலையைச் சுற்றி நீர் விட்டு, நெய்ச் சாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் சாப்பிடவே ஆரம்பிப்பார். மந்திரம் தெரியாத நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் டிபன் பாக்ஸைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் திரையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில் அந்த சுலோகம். கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் 8, 9, 10 ஆகிய மூன்று சுலோகங்கள் உணவைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரிக்கின்றன. பத்தாவதில் வரும் 'யாதயாமம்' என்ற சொல்தான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. சொல்லைப் பிரித்தால் 'யாமம் கடந்தது' என்று வருவது உண்மை. ஆனால் உரையாசிரியர்கள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கவில்லை. சங்கரர் அதற்கு 'சரியாக வேகாதது' என்று பொருள் சொல்கிறார். சாரம் போன உணவைக் குறிக்க அடுத்தாற்போலவே 'கதரஸம்' என்று வேறொரு சொல் இருக்கிறதே, ஒன்றையே இரண்டு முறை சொல்வானேன் என்பது அவர் வாதம். ராமானுஜர் 'நெடுநேரம் வைத்திருந்தது' என்கிறார். 3 மணி நேரக் கணக்கு இருவரிடமும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த சுலோகம் 'தாமஸப்ரியம்' என்றுதான் முடிகிறது. தாமச குணம் உள்ளவனுக்கு எது பிடிக்கும் என்பதுதான் அங்கே பேச்சு. நீங்கள் ஆறிப்போன சாதத்தின் மேல் ஆசைப்பட்டா அதைச் சாப்பிடுகிறீர்கள்? பிழைப்புக்காகக் கட்டிக்கொண்டு போகிறீர்கள். கட்டுச்சோறு நம் வழக்கத்துக்குப் புதிதும் அல்ல. நெய்யோ எண்ணெயோ சேர்ந்த பண்டம் மறுநாள் ஆனாலும் உண்ணத் தக்கது என்று மனு ஸ்மிருதியே சலுகை தருகிறது. நல்லெண்ணெய் மிதக்கும் புளியோதரை பயணத்துக்குத் தோதான சாப்பாடாக இருப்பது நாக்கு ருசிக்காக மட்டும் அல்ல. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குப் படைக்கும் கேழ்வரகுக் கூழ் புளிக்கவைத்துக் காய்ச்சியதுதான். அதைப் போய் யாராவது தாமசம் என்பார்களா?

கெட்டுப்போனதைச் சாப்பிடச் சொல்லவில்லை. வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். சுலோகமும் அதைத்தான் 'பூதி' என்கிறது.

இனி திரைக்கு வருகிறேன். 'ஆஹார சுத்தௌ ஸத்வ சுத்தி:' என்பது சாந்தோக்ய உபநிஷதத்தில் 7ஆம் அத்தியாயத்தின் முடிவில் வரும் வாக்கியம். உணவு தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்று பொருள் சொல்லிவிட்டு, வெங்காயம் பூண்டு விவாதத்துக்குப் போய்விடுவது இன்றைய சொற்பொழிவுகளின் வழக்கம். அங்கே சங்கரர் சொல்வது வேறு. உள்ளே எடுத்துக்கொள்ளப்படுவது எதுவோ அது ஆஹாரம். ஆகவே கண் காது முதலிய புலன்கள் வழியாக உள்ளே வருவதும் ஆஹாரமே. இந்தக் கணக்குப்படி மதியம் 1.30 மணிக்கு நீங்கள் இரண்டு சாப்பாடு சாப்பிடுகிறீர்கள். கத்தரிக்காய்க் கறி ஒன்று. மேலதிகாரியின் மின்னஞ்சல் மற்றொன்று. எது செரிக்காமல் கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் மாமனார் செய்வது இங்கேதான் உதவுகிறது. நீர் சுற்றுவதற்குப் பரிசேஷணம் என்று பெயர். அதன் பிறகு அவர் வாயில் இடும் சிறு கவளங்கள் பிராணாஹுதி. பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்ற ஐந்து வாயுக்களுக்கும் ஒவ்வொரு கவளம், கடைசியில் பிரம்மத்துக்கு ஒன்று. பல்லில் படாமல் விழுங்குவார்கள். ருசி பார்க்கும் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம். சாந்தோக்யத்தின் 5ஆம் அத்தியாயம் இதை அக்னிஹோத்திரமாகவே, அதாவது அன்றாடம் தீயில் ஆகுதி இடும் வேள்வியாகவே சொல்கிறது. மார்பு வேதி, அதாவது வேள்வி மேடை; வாய் ஆஹவனீய அக்னி, அதாவது ஆகுதி இடும் தீ. கீதையிலும் (15.14) 'நானே வைச்வானரன் என்ற தீயாக உயிர்களின் உடலில் இருந்துகொண்டு நால்வகை உணவையும் செரிக்கிறேன்' என்று கண்ணன் சொல்கிறான். ஹோமகுண்டத்தில் நெய்யை விட்டுக்கொண்டே யாராவது மின்னஞ்சல் படிப்பார்களா?

பரிசேஷணம் உபநயனம் ஆனவர்கள் குடும்ப வழக்கப்படி செய்வது. நீங்கள் ஆபீஸ் மேஜையில் நீர் சுற்ற வேண்டாம், விசைப்பலகை பாழாகும். கணினித் திரையை அணைத்துவிடுங்கள். போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், கவிழ்த்து வைத்தால் போதாது. கையைக் கழுவிவிட்டு ஒரு வாய் நீர் குடியுங்கள். முதல் ஐந்து கவளங்களைச் சிறியதாக, பேசாமல், ஒவ்வொன்றாகச் சாப்பிடுங்கள். பல்லில் படாமல் விழுங்க முயல வேண்டாம், நன்றாக மென்றே சாப்பிடுங்கள். மந்திரம் தெரியாவிட்டால் உங்கள் இஷ்ட தெய்வத்தின் பெயர் போதும். நான் இதைப் பழகத் தொடங்கியபோது மூன்றாவது கவளத்திலேயே கை தானாகப் போனைத் தேடியது. உங்களுக்கும் தேடும். ஆறாவது கவளத்திலிருந்து பக்கத்து நாற்காலிக்காரரோடு தாராளமாகப் பேசலாம், அவருக்கு ஒரு கரண்டி கறியும் கொடுக்கலாம். உண்ணும்போது ஒரு கைப்பிடி பிறருக்கு என்பது திருமூலர் வாக்கு.

வயிற்றில் பாதி திடமான உணவு, கால் பங்கு நீர், மீதிக் கால் பங்கு காலியாக இருக்கட்டும் என்பது ஆயுர்வேதக் கணக்கு. முதல் ஐந்து கவளங்களை மெதுவாகச் சாப்பிட்டவருக்குத்தான் அந்தக் காலிக் கால் பங்கு எப்போது வருகிறது என்று தெரியும்.

சாப்பிட்டு முடித்ததும் உங்கள் மாமனார் இன்னொரு முறை கையில் நீர் வாங்கிக் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொடக்கத்தில் குடிப்பது உபஸ்தரணம், அதாவது கீழே விரிப்பது. கடைசியில் குடிப்பது அபிதானம், அதாவது மூடி. உங்களிடமும் மூடி இருக்கிறது. ஒரு வாய் நீர் குடித்து, டிபன் பாக்ஸை மூடிய பிறகு போனை எடுங்கள்.