மூன்று மொழி இணைப்புக்கு ஒரே அடிக்கோடு

பண்டாரவளை வாசகி ஒருவர், நானுஓயா முதல் பதுளை வரையான புகையிரத நிலையங்களின் நேர அட்டவணைக்கு இணையப் பக்கம் அமைத்து வருகிறார். நிலையப் பெயர்ப் பலகைகளில் உள்ளவாறே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே இணைப்புக்குள் வருகின்றன: தமிழ் பெரிய தடித்த எழுத்தில், ஆங்கிலம் சிறிய சாம்பல் நிற எழுத்தில். அடிக்கோடு மட்டும் மூன்று உயரங்களில், மூன்று தடிப்புகளில் படிக்கட்டுப் போல விழுகிறதாம். இது உலாவியின் பிழையா என்று கேட்டு, நிரலையும் அனுப்பியிருக்கிறார்.

உலாவி மேல் குற்றமில்லை. நிரலில், இணைப்புக்குள் ஒவ்வொரு மொழியையும் தனியே பொதிந்திருக்கும் மூன்று ஸ்பான் (span) கூறுகளுக்கும் தனித்தனியே அடிக்கோடு கொடுக்கப்பட்டுள்ளது. எந்தக் கூறுக்கு அடிக்கோடு விதிக்கப்படுகிறதோ, அந்தக் கூறின் எழுத்துருவையும் அளவையும் பார்த்தே உலாவி கோட்டை வரையும். மூன்று கூறுகளுக்கு விதித்தால் மூன்று கோடுகள்தான் கிடைக்கும். மாறாக, வெளியே உள்ள இணைப்புக்கு மட்டும் விதித்தால், உள்ளே எத்தனை அளவுகள் கலந்திருந்தாலும் ஒரு வரியில் ஒரே உயரத்தில், ஒரே தடிப்பில் கோடு ஓட வேண்டும் என்பது, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் (CSS) மொழியின் விதி. நிறமும் இணைப்பினுடையதே, ஆகவே சாம்பல் நிற ஆங்கிலத்தின் கீழும் நீலக் கோடு வருவது சரியானதே.

ஆனால் அந்த ஒரே கோடு எந்த உயரத்தில் நிற்கும் என்பதைப் பெருமளவுக்கு உலாவியின் முடிவுக்கே விதி விட்டுவிடுகிறது. தமிழுக்கு இது முக்கியமானது. பட்டிப்பொல என்ற பெயரில் எந்த எழுத்தும் கீழே இறங்காததால் கோடு முழுதாக ஓடும். பதுளையில் 'து'வின் கால் கோட்டை வெட்டும். சிங்களத்திலும் அதே இடத்தில் உகரக் குறி கீழே தொங்கும். எழுத்து குறுக்கிடும் இடங்களில் கோட்டை அறுத்துவிடுவது உலாவியின் இயல்பான நடத்தை. ஆங்கிலத்தில் அவ்வப்போது மட்டும் வரும் அந்த இடைவெளி, நம் எழுத்தில் அடிக்கடி விழுந்து கோட்டைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. ஸ்கிப்-இங்க் (text-decoration-skip-ink) பண்பை 'நன்' (none) என்று வைத்து அறுப்பதை நிறுத்துவது தீர்வாகாது, ஏனெனில் அப்போது கோடு 'து'வின் காலை ஊடுருவிச் சென்று வாசிப்பையே கெடுக்கும்.

ஆகவே ஸ்பான்களின் அடிக்கோட்டை அகற்றிவிட்டு, இணைப்புக்கு மட்டும் கோட்டின் தடிப்புக்கான டெக்ஸ்ட்-டெகரேஷன்-திக்னெஸ் (text-decoration-thickness) பண்பை 1 பிக்சலாகவும், அதன் இடத்துக்கான டெக்ஸ்ட்-அண்டர்லைன்-பொசிஷன் (text-underline-position) பண்பை 'அண்டர்' (under) என்றும் வையுங்கள். கோடு தொங்கும் கால்களுக்கும் கீழே இறங்கிவிடும். அது போதாத எழுத்துருவில் டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட் (text-underline-offset) பண்பால் இன்னும் சற்றுத் தள்ளலாம். கோடு கீழே போவதால் அடுத்த வரியின் இகரக் குறிகளில் இடிக்காதபடி வரி உயரத்தை 1.6 அளவுக்கு வைத்துப் பாருங்கள்.

ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் கோடு வேண்டாம் என்றால், அதன் ஸ்பானில் அடிக்கோட்டுக்கு 'நன்' என்று எழுதிப் பயனில்லை. வெளிக்கூறின் கோடு அதன் மீதும் ஓடும். அந்த ஸ்பானை இன்லைன்-பிளாக் (display: inline-block) ஆக்கினால் கோடு அதன் கீழ் வராது.