வாகன வினா–விடை: நைட்ரஸ் பொருத்தும் முன் எஞ்சினில் செய்ய வேண்டியவை

எஞ்சினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தரும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடைக் காரில் பொருத்துவது தொடர்பாகக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே விடையளிக்கிறோம்.

மார்த்தாண்டம் வாசகர்: என்னிடம் 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக நைட்ரஸ் பொருத்த விரும்புகிறேன். முதலில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கிய, வலுக்கூடிய பிஸ்டன்) போட வேண்டும் என்கிறார் எங்கள் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். எஞ்சினை எப்படித் தயார் செய்ய வேண்டும்?

பிஸ்டனுக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், 90,000 கிலோமீட்டர் ஓடிய உங்கள் எஞ்சின் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரஸ் பொருத்திய எஞ்சின்களில் பிஸ்டன் உருகுவதும் ரிங் உடைவதும் பெரும்பாலும் பிஸ்டன் வலுவற்றது என்பதால் நிகழ்வதில்லை. சேர வேண்டிய பெட்ரோல் சேராததாலோ, தீப்பொறி வேண்டிய நேரத்துக்கு முன்பே விழுந்துவிடுவதாலோதான் நிகழ்கின்றன. அந்த இரண்டு குறைகளும் இருக்கும் எஞ்சினில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டாலும், அது கொஞ்சம் தாமதமாக உருகும், அவ்வளவுதான்.

காற்றில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 23 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவீதம் இருக்கிறது. சிலிண்டருக்குள் வெப்பத்தில் அது நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறபோது, அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஈடான பெட்ரோலும் அதே கணத்தில் அங்கே இருக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்குக் காற்று என்றால் 14.7 கிலோ வேண்டும். நைட்ரஸ் என்றால் ஏறத்தாழ 9.6 கிலோவே போதும். எனவே திறனைக் கூட்டுவது பெட்ரோல்தான். அதை எரிக்க வழிசெய்வது மட்டுமே நைட்ரஸின் வேலை. இது மனத்தில் பதிந்துவிட்டால், எதைத் தயார் செய்ய வேண்டும் என்பதும் தானாகவே வரிசைப்பட்டுவிடும்.

முதலில், ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள். அதன்பின் லீக்-டவுன் சோதனை செய்து, காற்று கசிவது ரிங் வழியாகவா, வால்வு வழியாகவா, ஹெட் கேஸ்கெட் வழியாகவா என்று பாருங்கள். ரிங் தேய்ந்து எஞ்சின் ஆயில் மேலே ஏறினால், அந்த ஆயில் ஆவி பெட்ரோலின் ஆக்டேனைக் குறைத்து நாக்கிங்கை, அதாவது கலவை சீராக எரியாமல் வெடித்துத் தட்டுவதை, வரவழைக்கும். சாதாரண ஓட்டத்தில் காதுக்கே எட்டாத அந்தத் தட்டல், நைட்ரஸ் பாயும்போது பிஸ்டனின் ரிங் பள்ளத்துக்கு மேலுள்ள விளிம்பையே பெயர்த்துவிடும்.

அடுத்து பெட்ரோல் வழி. பம்பு, பில்டர், இன்ஜெக்டர் மூன்றும், முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் வழக்கமாகக் குடிப்பதற்கு மேல், கூடுதல் குதிரைத்திறனுக்கான பெட்ரோலையும் தர வல்லவையா என்று அளந்து பார்க்க வேண்டும். 30 குதிரைத்திறன் கூட்ட வேண்டுமானால் தோராயமாக நிமிடத்துக்கு 110 கிராம் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். பம்பில் அந்த அளவு வருகிறதா என்பதைச் சோதிக்கும்போது, அழுத்தம் குறையாமல் வருகிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள். உங்கள் காருக்கு 25 முதல் 35 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட ஜெட்டை (பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறுதுளை முனையை) நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. வெளிநாட்டுக் கிட்டுகளோடு வரும் ஜெட் அட்டவணை தூய பெட்ரோலை வைத்துக் கணக்கிடப்பட்டது. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், அந்தக் கலவை எரிவதற்குக் கிலோவுக்கு 13.5 கிலோ காற்றே போதும். அட்டவணை சொல்லும் பெட்ரோல் ஜெட்டை அப்படியே மாட்டினால், கலவை ஏறத்தாழ 8 சதவீதம் பெட்ரோல் குறைந்ததாக அமையும். நைட்ரஸில் அது பொறுக்கக்கூடிய குறைவு அல்ல. ஒரு படி பெரிய பெட்ரோல் ஜெட்டில் தொடங்கி, புகையிலிருந்து கலவையின் விகிதத்தைக் காட்டும் வைடுபேண்ட் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத்தான் குறைத்து வர வேண்டும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்பது உண்மை. ஆனாலும் 95 அல்லது 100 ஆக்டேன் பெட்ரோலையே ஊற்றுங்கள்.

மூன்றாவது தீப்பொறி. நைட்ரஸ் கலந்த கலவை வேகமாக எரிவதால், சிலிண்டரில் உச்ச அழுத்தம் பிஸ்டன் மேலே ஏறி முடிவதற்குள் வந்துவிடாமல் இருக்க, இக்னிஷன் டைமிங்கை 2 முதல் 4 டிகிரி வரை பின்தள்ள வேண்டும். ஸ்பார்க் பிளக் இப்போதுள்ளதைவிட ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடும்) வகையாகவும், இடைவெளி 0.7 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கட்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள் தெரிந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. அவற்றுக்கிடையே வெள்ளியாக மின்னும் மணிகள் இருந்தால், அது உங்கள் பிஸ்டனிலிருந்து கழன்ற அலுமினியம். அதைப் பார்த்த பிறகு இரண்டாவது ஓட்டம் என்ற பேச்சே வேண்டாம்.

நைட்ரஸ் ஜெட் வழியே வருவது எஞ்சின் வேகம் எதுவானாலும் ஒரே அளவுதான். அதனால் 1,500 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு முறையும் போகும் பங்கு, 4,500 சுற்றில் போவதைப்போல் மூன்று மடங்காகும். கனெக்டிங் ராடு வளைவது அங்கேதான். முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் இயங்கும் சுவிட்ச் ஒன்றும், 3,000 சுற்றுக்குக் கீழேயும், எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டருக்குச் சில நூறு சுற்றுகள் முன்னதாகவும் நைட்ரஸைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் வேண்டும். ரெவ் லிமிட்டர் பெட்ரோலை நிறுத்தும், நைட்ரஸை நிறுத்தாது. அந்த அரை விநாடியில் சிலிண்டருக்குள் இருப்பது ஆக்சிஜன் மட்டுமே.

எஞ்சினைப் பிரிப்பதாக இருந்தால்தான் பிஸ்டனைப் பற்றிய பேச்சு. அப்போதும் பிஸ்டனைவிட முதன்மையானது மேல் ரிங்கின் முனை இடைவெளி. 73 மில்லிமீட்டர் போர் உள்ள எஞ்சினில் அது சாதாரணமாக 0.29 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், நைட்ரஸுக்கு 0.40 வரை அராவிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் நீளும் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு சிலிண்டர் சுவரைக் கீறும். கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: கிட்டுடன் வந்த கையேடு பாட்டிலுக்கு மின்சார ஹீட்டர் அவசியம் என்கிறது. நம் ஊருக்கும் அது வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு வேண்டியது நிழல்.

பாட்டிலுக்குள் நைட்ரஸ் திரவமாகவும், அதன் மேல் ஆவியாகவும் இருக்கிறது. திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை முடிவுசெய்வது அளவு அல்ல, வெப்பநிலை. 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 50 பார். 30 டிகிரியில் ஏறத்தாழ 63 பார். பெரும்பாலான கிட்டுகளின் ஜெட்டுகள் 62 முதல் 65 பார் அழுத்தத்துக்கே கணக்கிடப்படுகின்றன. குளிர் நாடுகளில் அந்த அழுத்தத்தை எட்டத்தான் ஹீட்டர். நாகர்கோவிலில் மரநிழலில் வைத்தாலே ஆண்டின் பெரும்பகுதியில் பாட்டில் அந்த அளவில் நிற்கும்.

சிக்கல் அதற்கு மேலேதான். 36.4 டிகிரி என்பது நைட்ரஸின் மாறுநிலை வெப்பநிலை. அதைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற பிரிவே இல்லாமல் போய்விடும். அதன்பின் அழுத்தம், பாட்டிலில் எவ்வளவு நிரப்பியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விரைந்து ஏறும். சித்திரை வெயிலில் வடசேரியில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் உள்ளே 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தப் பாட்டிலைத் திறந்து ஓட்டினால், பெட்ரோல் ஜெட் பழைய அளவையே தர, நைட்ரஸ் மட்டும் கணக்குக்கு மீறிப் பாயும். சில சோலனாய்டுகள் (மின்சாரத்தால் திறக்கும் வால்வுகள்) அந்த அழுத்தத்தை எதிர்த்துத் திறக்கவே மாட்டாமல் அடைத்து நிற்பதும் உண்டு. அழுத்தம் மேலும் ஏறினால் பாதுகாப்புத் தகடு கிழிந்து, முழு நைட்ரஸும் வெளியேறும். அது காருக்குள் வெளியேறாமல், குழாய் வழியாக வண்டிக்கு வெளியே போக வழி செய்திருக்க வேண்டும். மூடிய காருக்குள் அது ஓட்டுநரை மயக்கமடையச் செய்துவிடும்.

ஆகவே அழுத்தமானி பொருத்துங்கள், பாட்டிலுக்கு வெப்பம் புகாத உறை போடுங்கள், சூடேறியிருந்தால் ஈரத்துணி சுற்றிக் காத்திருங்கள். குளிர்ந்த பாட்டிலைத் தீச்சுடரால் சூடாக்குவது தற்கொலைக்கு ஒப்பானது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அழுத்தமானி சொல்லாது. தராசில் நிறுத்தித்தான் அறிய வேண்டும்.

பாட்டிலைப் படுக்கவைக்கும்போது வால்வு காரின் முன்பக்கம் பார்த்து, சற்று உயர்ந்து, பெயர்ச்சீட்டு மேல்நோக்கி இருக்கட்டும். கார் பாயும்போது திரவம் பின்னால் ஒதுங்கும். உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாயின் முனையும் அங்கேதான் இருக்கிறது.

களியக்காவிளை வாசகர்: நைட்ரஸ் தீப்பற்றி வெடிக்கும் என்கிறார்களே?

நைட்ரஸ் தானாக எரியாது, மற்றவற்றை எரியவைக்கும். ஆபத்து இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, அதிக அழுத்த இணைப்புகளில் ஆயிலோ கிரீஸோ தடவுவது. ஆக்சிஜன் மிகுந்த சூழலில் அவை பற்றிக்கொள்ளும். மற்றொன்று, கசியும் சோலனாய்டு. எஞ்சின் அணைந்திருக்கும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் நைட்ரஸும் பெட்ரோலும் சேர்ந்துவிட்டால், அடுத்த ஸ்டார்ட்டில் ஒரு பின்வெடி போதும், பிளாஸ்டிக் மேனிஃபோல்டு சிதறிவிடும். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் மேனிஃபோல்டுதான். காற்று மட்டும் செல்வதற்காக வளைத்துச் செய்யப்பட்ட அதில் பெட்ரோல் தெளித்தால் வளைவுகளில் தேங்கும். அதனால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு வழியாக இன்ஜெக்டரையே கூடுதலாகத் திறக்கவைக்கும் உலர் முறை, இன்ஜெக்டருக்குத் திறன் இருந்தால், இத்தகைய கார்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் துணுக்கு ஒன்று சோலனாய்டின் இருக்கையில் அமர்ந்தால், நீங்கள் சுவிட்சை அணைத்த பிறகும் நைட்ரஸ் வந்துகொண்டே இருக்கும்.

ஆரல்வாய்மொழி வாசகர்: அதிகாலையில் ஆளில்லாத நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. சாலையில் பந்தயம் ஓட்டுவதற்குப் பிரிவு 189 தனியாக இருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கவும் இடமுண்டு.

நம் மாவட்டத்தில் பந்தயத் தடம் இல்லை. தமிழகத்தில் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் தடங்கள் உள்ளன. நைட்ரஸ் எல்லாப் போட்டிப் பிரிவுகளிலும் ஏற்கப்படுவதில்லை என்பதால், அமைப்பாளரின் விதிப்புத்தகத்தைப் படித்த பிறகே கிட் வாங்குங்கள். காரை லாரியில் ஏற்றிக் கொண்டுசெல்லுங்கள். பாட்டிலின் வால்வை மூடி, கழற்றி, தனியே நிமிர்த்திக் கட்டுங்கள்.

குளச்சல் வாசகர்: மருத்துவமனையில் பயன்படும் நைட்ரஸ் சிலிண்டர் ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது. அதையே பொருத்தலாமா?

பொருத்தாதீர்கள். மயக்க மருந்தாக நோயாளிக்குப் போக வேண்டிய வாயு அது. அதைத் திருப்பிவிடுவது குற்றம். அதன் வால்வும் கிட்டின் குழாயும் பொருந்தவும் மாட்டா. மருத்துவ சிலிண்டர் நிமிர்ந்து நின்று ஆவியைத் தருவதற்காக அமைந்தது. உங்களுக்கு வேண்டியது உறிஞ்சு குழாய் வழியாகத் திரவம். வாகனத்துக்கென விற்கப்படும் நைட்ரஸில், யாரும் முகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிறிதளவு சல்ஃபர் டையாக்சைடு கலந்திருப்பார்கள். எந்தச் சிலிண்டரானாலும் 2016-ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளின்படி அனுமதி பெற்றதாகவும், உரிமம் உள்ள இடத்தில் நிரப்பப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

கடலோரத்தில் இருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: உப்புக்காற்றில் ரிலேயின் கால்களிலும் சோலனாய்டின் இணைப்புகளிலும் பச்சைக் களிம்பு ஏறும். பெட்ரோல் சோலனாய்டுக்குப் போகும் மின்சாரம் அதனால் குறைந்து, நைட்ரஸ் சோலனாய்டு மட்டும் திறந்தால் என்னவாகும் என்பதை மேலே படித்திருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே ரிலேயிலிருந்து மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும், பாட்டில் வால்வு மூடியிருக்கும்போது, இரண்டின் ‘டிக்’ ஒலியையும் தனித்தனியே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

தக்கலை வாசகர்: டீசல் காருக்கு நைட்ரஸ் பயன்படுமா?

கம்பெனியிலிருந்து வந்த நிலையிலுள்ள டீசல் எஞ்சினில் பயன் குறைவு. டீசல் எஞ்சின் எப்போதுமே தேவைக்கு மேற்பட்ட காற்றோடு ஓடுவதால், ஆக்சிஜனை மட்டும் கூட்டுவது பெரிதாக எதையும் தராது. டீசலை மிகுதியாகச் செலுத்திக் கரும்புகை கக்கும்படி மாற்றிய எஞ்சின்களில்தான், எரியாமல் புகையாகப் போகும் டீசலை நைட்ரஸ் எரித்துத் திறனாக்கும். அதற்கு உங்கள் ஹெட் கேஸ்கெட் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.