நண்பரின் லேப்டாப்பைச் சரிசெய்யும்போது நீலத் திரை வந்து பிட்லாக்கரின் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கச் சாவி கேட்கிறது. ஃபார்மட் செய்துவிடலாமா?

வேண்டாம். நண்பரே "பரவாயில்லை, அழிச்சிடு" என்று சொன்னாலும் கொஞ்சம் பொறுங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவருக்கே நினைவுக்கு வராது.

நீங்கள் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை, அதாவது நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் காவலை, அணைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் அதைப் பழையபடி வைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும், சாவி கேட்காமல் திறந்துகொள்ளும்.

எனக்கு அது போதவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் நண்பன் வீடு, அவன் மனைவியின் லேப்டாப். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. விண்டோஸ் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. பென் டிரைவ் வழியாக உள்ளே போகத்தான் செக்யூர் பூட்டை அணைத்தேன். "பிட்லாக்கரை முதலில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். விண்டோஸ் திறந்தால்தானே நிறுத்த முடியும்? திறக்காத நிலையில்தான் என் கைக்கே வந்தது.

நீலத் திரையைப் பார்த்ததும் டீச்சர் முகம் வாடிவிட்டது. "அண்ணே, பிள்ளைங்க மார்க் எல்லாம் அதுலதான் இருக்கு" என்றார். கூடத்தில் இருந்த அவருடைய மாமா என் காதில் விழும்படியே சொன்னார்: "தமிழ்ப்பள்ளியில படிச்சவனுக்கு கம்ப்யூட்டர் என்ன தெரியும்?" அந்தப் பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்படிப் பேசுகிறவர்கள்தான் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்து பள்ளி ஆட்டம் காணும்போது, சமுதாயம் அழிகிறது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி பரப்புவதும் அவர்களே.

சரி, சாவிக்கு வருகிறேன். இப்போதைய விண்டோஸ் 11 லேப்டாப்களில் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும், சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேரும். உரிமையாளருக்கு இது தெரிவதே இல்லை. டீச்சரின் சொந்தக் கணக்கில் தேடினோம், இல்லை. பள்ளிக் கணக்கிலும் இல்லை. வாங்கிய அன்று யார் செட்டப் செய்தது என்று கேட்டேன். கடைப் பையன் என்றார். உத்தரவாத அட்டை பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் நீலப் பேனாவில், டீச்சர் பெயரும் சில எண்களும் சேர்ந்த ஒரு மின்னஞ்சல் முகவரி. கடவுச்சொல் இல்லை. ஆனால் டீச்சரின் கைப்பேசி எண்ணையே கொடுத்துக் கணக்கைத் திறந்திருந்ததால், மீட்புக் குறியீடு அவருக்கே வந்தது.

ஒரே கணக்கில் பல சாவிகள் இருக்கலாம். திரையில் காட்டும் அடையாள எண்ணின் முதல் 8 எழுத்துகளோடு ஒத்துப்போவதை மட்டும் எடுங்கள். ஆறாறு இலக்கமாக எட்டுக் கட்டம். டீச்சர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். மார்க் பட்டியல் முழுசாகக் கிடைத்தது.

வாடிக்கையாளருக்கு விளக்காமல் அவர் பெயரில் கணக்கு திறந்து கொடுக்கிற கடைகள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம். எழுதிக் கொடுத்து, இதைத் தொலைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எந்தக் கணக்கிலும் சாவி இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது. அதனால் "உடைத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். நண்பரிடம் பழைய மின்னஞ்சல்கள், வீட்டில் மற்றவர்களின் கணக்குகள், முதலில் செட்டப் செய்தவர் யார் என்பது வரை கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ஃபார்மட்டைப் பற்றி யோசியுங்கள்.