தடைக்காலத்தில் படகு எஞ்சின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குடும்பத்திற்கு 12 மீட்டர் நீளமுள்ள விசைப்படகு ஒன்று இருக்கிறது. அதில் உள்ள ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நன்னீரால் குளிர்வது. அந்த நன்னீரைக் கடல்நீர் குளிர்விக்கும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன் கடைசியாகத் தொழிலுக்குப் போனபோது நடுக்கடலில் சூடேறி நின்ற எஞ்சின் அதன் பிறகு சுற்றவே இல்லை. வேறொரு படகில் கட்டி இழுத்து வந்தோம். இரண்டு வாரங்களாகவே சூடு காட்டும் முள் மேலே நின்றது. வேகத்தைக் குறைத்து ஓட்டிச் சமாளித்தோம். பார்த்த மெக்கானிக் இதைக் கழித்துவிட்டு வேறு எஞ்சின் வாங்கச் சொல்கிறார். என் தம்பி ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். நாங்களே வீட்டில் வைத்துப் பிரித்துச் சரிசெய்ய முடியுமா?
வாசகர், பாம்பன்.

பதில்: முடியும். ஆனால் எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். இரண்டு வாரங்களாக முள் மேலே நின்றது என்றால், கோளாறு பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே, கடல்நீர் வரும் வழியில்தான் பிறந்திருக்க வேண்டும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். கடற்புல் மண்டிக் கிடப்பது. அறுந்து மிதக்கும் புல்லும் நெகிழிப் பையும் படகின் அடியில் உள்ள நீர் வாயை அடைப்பது அங்கே புதிய செய்தி அல்ல. அந்த வாய், அதையடுத்த வடிகட்டி, கடல்நீர் பம்பினுள் சுழலும் ரப்பர் இம்பெல்லர், சூட்டை மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்கள் ஆகிய நான்கையும் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே திறந்து பாருங்கள். இம்பெல்லரின் இதழ்களை எண்ணுங்கள். ஓர் இதழ் குறைந்திருந்தாலும், அது எங்கே போய்ச் சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரை விடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் முழுவதுமாகப் பிரித்துக் கட்டிய ஓர் எஞ்சின், மூன்றாவது முறை கடலுக்குப் போனபோதே மீண்டும் இறுகி நின்றது. பழைய இம்பெல்லரின் ஒடிந்த இதழ் ஒன்று ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயிலேயே கிடந்ததை நான் தேடிப் பார்க்காமல் விட்டதுதான் காரணம். அந்தக் குடும்பம் இழந்த மீன்பிடி நாள்களை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

சூடேறிய எஞ்சின் ஏன் இறுகுகிறது என்பதையும் தம்பியோடு சேர்ந்து புரிந்துகொள்ளுங்கள். பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அது மேலும் கீழும் ஓடும் சிலிண்டரின் உள்ளுறையான லைனர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே குளிர்ச்சி குறையும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மறைந்து, எண்ணெய்ப் படலம் அறுந்து, பிஸ்டனின் பக்கங்கள் லைனர் சுவரில் தேய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. இப்படி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பிஸ்டன், ரிங், லைனர் ஆகியவற்றோடு சேதம் நின்றுவிடும். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் தப்பியிருக்கவும் கூடும். எண்ணெய் அழுத்தம் விழுந்து பேரிங்குகள் உருகி நின்ற எஞ்சினின் கதை வேறு. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றி, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனையான பிக் எண்டின் மூடி ஒன்றைத் திறந்து, உள்ளிருக்கும் பேரிங் தகட்டைப் பார்த்தாலே இது எந்த வகை என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் கழித்துவிடச் சொல்வது சரியான ஆலோசனை அல்ல.

இறுகிய எஞ்சினை நீண்ட கம்பி போட்டு நெம்ப வேண்டாம். டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள்கள் ஊறவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டு இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் மறுபடியும் ஊறவிடுங்கள்.

படகிலிருந்து தூக்கும் வேலைக்கு எஞ்சினுக்கு மேல் உயர்ந்து நிற்கும் முக்காலியும் அதில் தொங்கும் செயின் பிளாக்கும் போதும். எஞ்சினோடு கியர் பாக்ஸும் சேர்ந்தால் பல நூறு கிலோ எடை இருக்கும் என்பதால், எஞ்சினிலேயே தூக்குவதற்கென்று உள்ள வளையங்களில் மட்டும் சங்கிலியை மாட்டுங்கள். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் யாரும் ஒரு கணமும் நிற்கக் கூடாது. வீட்டில் மணல் பறக்காத, கூரை உள்ள ஓர் இடத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடற்கரை வீடுகளில் அந்த மணல்தான் புதிய பேரிங்குகளின் முதல் எதிரி.

பிரிக்கும்போது மெயின் பேரிங் மூடிகளையும் கனெக்டிங் ராடு மூடிகளையும் எந்த எண், எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். அவை தத்தம் இடத்தில் பொருத்தப்பட்ட நிலையிலேயே துளை கடையப்பட்டவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் துளையின் வட்டம் பிறழ்ந்துவிடும். லைனரின் தேய்மானம் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் மிகுதி என்பதால், மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் செங்குத்தான இரு திசைகளில் அளந்து எழுதுங்கள். உங்களுடையது நீர் நேரடியாகத் தொடும் வெட் லைனராக இருந்தால் அதை உருவி, வெளிப்பக்கத்தையும் பாருங்கள். அங்கே ஊசி குத்தியது போன்ற குழிகள் தென்பட்டால், உள் அளவு சரியாக இருந்தாலும் அந்த லைனர் உதவாது. கிராங்க்கின் கழுத்துகளை மைக்ரோமீட்டரால் அளந்து, வட்டம் குன்றியிருந்தாலோ கீறல் விழுந்திருந்தாலோ கிரைண்டிங்குக்கு அனுப்புங்கள். வழக்கமாக 0.25 மி.மீ., 0.50 மி.மீ. எனப் படிப்படியாகக் குறைத்துக் கடைவார்கள். கடைந்த அளவுக்கு ஏற்ற பேரிங் கடையில் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கடையச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக் கூடாத வேலைகளும் உண்டு. டீசல் பம்பையும் நாசில்களையும் பிரிக்காதீர்கள்; அவற்றுக்கெனச் சோதனை மேசை வைத்திருக்கும் பம்ப் பட்டறைக்கு அனுப்புங்கள். சூடேறிய எஞ்சினின் ஹெட் வளைந்திருக்கும் அல்லது வால்வுகளுக்கு இடையே மயிரிழை விரிசல் கண்டிருக்கும் என்றே எண்ணிக்கொண்டு, விரிசல் சோதனையும் மட்டம் கடைதலும் லேத் பட்டறையிலேயே நடக்கட்டும். எஞ்சின் பிளாக்கில் லைனர் அமரும் இடத்தில் விரிசல் இருந்தாலோ, ராடு முறிந்து பக்கச் சுவரை உடைத்திருந்தாலோ, மெக்கானிக் சொன்னபடி வேறு எஞ்சின் பார்ப்பதுதான் சரி. இவை இல்லையென்றால் உதிரிகள், கடைசல், பம்ப் வேலை மூன்றுக்கும் எழுத்தில் விலை வாங்கிக் கூட்டிப் பாருங்கள். புதிய எஞ்சின் விலையில் பாதியைத் தாண்டாதவரை, உங்கள் கைக்குப் பழகிய பழைய எஞ்சினையே கட்டுங்கள் என்பேன்.

திரும்பக் கட்டும்போது அவசரம் வேண்டாம். புதிய ரிங்கை லைனருக்குள் இறக்கி, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, ரிங்கின் வாய் இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடுகளான பீலர் கேஜால் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். கையின் பலத்தை நம்பி முறுக்கிய ஹெட்டில்தான் கேஸ்கட் மீண்டும் ஊதும். முதல்முறை இயக்குவதற்கு முன் டீசலை நிறுத்தி வைத்து, எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். உங்கள் படகில் கடல்நீர் புகைக்குழாயில் கலந்து வெளியேறும் அமைப்பு இருந்தால், அப்படிச் சுற்றும் நேரத்தில் நீர் வால்வை மூடி வையுங்கள். இல்லையென்றால் தள்ள வேண்டிய புகை இல்லாமல் நீர் தேங்கி சிலிண்டருக்கே திரும்பும். எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன் வால்வைத் திறக்க ஒருவர் அதன் அருகிலேயே நிற்க வேண்டும். ஓடத் தொடங்கிய எஞ்சினைச் சும்மா நீண்ட நேரம் ஐட்லிங்கில் விடுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சுமை இல்லாமல் ஓடினால் ரிங்குகள் பதியாமல் லைனர் சுவர் பளபளப்பேறி, பிறகு ஆயில் குடிக்கும். மிதமான சுமையில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி, 50 மணி நேரத்திற்குள் முதல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உங்களுக்கு 61 நாள்கள் இருக்கின்றன. பட்டறைகளில் அந்த நாள்களில்தான் கூட்டம். கிராங்க்கையும் ஹெட்டையும் முதல் பத்து நாள்களுக்குள் அனுப்பிவிட்டால் மற்றவற்றை நிதானமாகச் செய்யலாம்.

கேள்வி: எங்கள் படகின் பழைய எஞ்சின் பிளாக் உடைந்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் நல்ல நிலையில் ஒரு லாரி எஞ்சின் குறைந்த விலைக்கு வருகிறது. அதை வாங்கிப் பொருத்தலாமா என்று என் கணவர் கேட்கிறார்.
வாசகி, தூத்துக்குடி.

பதில்: லாரி எஞ்சினும் படகு எஞ்சினும் பல இடங்களில் ஒரே பிளாக்கிலிருந்து பிறந்தவைதான் என்பதால் அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அம்மா. ஆனால் சொல்லும் விலை எஞ்சினுக்கு மட்டுமே. விசிறி தண்ணீரைப் பின்னே தள்ளும்போது ஷாப்ட் படகை முன்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசையைத் தாங்கும் பேரிங் படகுக்கான கியர் பாக்ஸில் உண்டு, லாரி கியர் பாக்ஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. உங்கள் பழைய கியர் பாக்ஸ் இந்த எஞ்சினின் பிளைவீல் உறையோடு பொருந்துமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அடுத்தது, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். லாரி எஞ்சினில் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தையும் மிக அதிக வேகத்தையும் மட்டும் கட்டுப்படுத்தும் கவர்னர் இருக்கும். நடுவே ஓட்டுநரின் கால்தான் வேகத்தைப் பார்த்துக்கொள்கிறது. கடலிலோ அலையில் பின்பக்கம் எழும்பி விசிறி தண்ணீருக்கு வெளியே வரும்போதெல்லாம் சுமை சட்டென்று இறங்கி எஞ்சின் சீறும். எந்த வேகத்தில் வைத்தாலும் அதை நிலைநிறுத்தும் கவர்னர் படகுக்குத் தேவை. பம்ப் பட்டறையில் இதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுங்கள். எஞ்சின் அறை மூடிய இடம் என்பதால் புகைக்குழாயின் சூட்டை அடக்க நீர் உறை உள்ள மேனிபோல்டு வேண்டும். ரேடியேட்டருக்குப் பதில் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் கடல்நீர் பம்பும் வேண்டும். ஷாப்ட்டின் சாய்வுக்கேற்ப எஞ்சினும் சாய்ந்து அமர்வதால், சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் குழாய் எப்போதும் ஆயிலுக்குள் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் கணக்குப் போட்ட பிறகு அந்தக் குறைந்த விலை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். என் கருத்தில், மேனிபோல்டும் எக்ஸ்சேஞ்சரும் கியர் பாக்ஸும் உங்கள் பழைய எஞ்சினிலிருந்து அப்படியே பொருந்தினால் மட்டும் வாங்கலாம்.

தமிழ்நாட்டில் விசைப்படகு எஞ்சின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது. எஞ்சின் மாறினால், பதிவுச் சான்றிதழில் அதைத் திருத்துவதற்கு மீன்வளத் துறை அலுவலகத்தை வாங்குவதற்கு முன்பே அணுகுங்கள். இந்த லாரி எஞ்சினை விற்பவர் தரும் இரசீது அப்போது தேவைப்படும்.

கேள்வி: புதிதாகக் கட்டிய எஞ்சினைக் கரையில் வைத்தே ஷாப்ட்டோடு நேர் பார்த்துப் பொருத்தினோம். ஒரு வாரம் ஓடுவதற்குள் கியர் பாக்ஸ் ஆயில் சீல் ஒழுகுகிறது. ஷாப்ட் படகுக்கு வெளியே போகும் இடத்தில் நீர் புகாமல் அடைக்கும் கிளாண்டும் கை வைக்க முடியாதபடி சுடுகிறது.
வாசகர், நாகப்பட்டினம்.

பதில்: கரையில் நேர் பார்த்ததுதான் குறை. கரையில் கட்டைகள் மீது நிற்கும் படகின் உடல் ஒரு வடிவத்தில் இருக்கும்; தண்ணீரில் இறங்கியதும் அது சற்றே வளைந்து வேறு வடிவம் கொள்ளும். ஆகவே படகு ஓரிரு நாள்கள் மிதந்த பிறகு, டீசலும் ஐஸும் வலையும் வழக்கமான அளவில் ஏற்றிய நிலையில் மீண்டும் நேர் பாருங்கள். ஒன்றோடொன்று போல்ட்டால் இணையும் வட்டத் தகடுகளான கியர் பாக்ஸ் பிளாஞ்சையும் ஷாப்ட் பிளாஞ்சையும் பிரித்து, தொட்டும் தொடாமலும் நெருக்கி வைத்து, மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களிலும் பீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். பிளாஞ்சின் விட்டம் 100 மி.மீ. என்றால் இடைவெளிகளுக்குள் 0.1 மி.மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. பிறகு ஷாப்ட்டை மட்டும் கால் சுற்றுச் சுற்றி மறுபடியும் அளந்து பாருங்கள். அகன்ற இடைவெளி பிளாஞ்சோடு சேர்ந்து நகர்ந்தால் ஷாப்ட்டோ பிளாஞ்சோ வளைந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினை எவ்வளவு நகர்த்தினாலும் அது தீராது, லேத்துக்குத்தான் போக வேண்டும். அதே இடத்தில் நின்றால் எஞ்சின் கால்களில் தகடு வைத்துத் திருத்தலாம்.

கிளாண்டு சுடுவதற்கு, ஒழுகக் கூடாது என்று யாரோ அதை இறுக்கியிருப்பதும் காரணமாக இருக்கலாம். கயிறு அடைத்த கிளாண்ட் ஓடும்போது நிமிடத்திற்குச் சில சொட்டுகள் சொட்டத்தான் வேண்டும். அந்த நீர்தான் அதைக் குளிர்விக்கிறது.

கேள்வி: நங்கூரமிட்டிருந்த எங்கள் படகில் நீர் புகுந்து எஞ்சின் ஓர் இரவு முழுவதும் மூழ்கிவிட்டது. உடனே என்ன செய்திருக்க வேண்டும்?
வாசகர், காசிமேடு.

பதில்: ஸ்டார்ட்டரைத் தொடாமல் இருந்திருக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது, சிலிண்டரில் அது நிற்கும்போது எஞ்சினைச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். வெளியே எடுத்த அன்றே நாசில்களைக் கழற்றி, கையால் சுற்றி நீரை வெளியேற்றி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உடனே சிலிண்டர்களில் டீசலும் ஆயிலும் ஊற்ற வேண்டும். சம்ப் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றிச் சுற்றி, பால்போல் வெளுப்பது நிற்கும் வரை மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். மூழ்கிக் கிடந்தபோது ஏற்பட்டதைவிட, எடுத்த பிறகு காற்றுப்பட்டு ஏறும் துருதான் அதிகச் சேதம் செய்யும். இதையெல்லாம் அன்றே செய்ய ஆள் கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரை எஞ்சினை நன்னீரிலேயே அமிழ்த்தி வைப்பது காற்றில் வைப்பதைவிட மேல். ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் மட்டும் முதலிலேயே கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி, எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.