பனிக்கரடிக் குட்டி மிருகக்காட்சி சாலையில் பிறந்தது என்றால், மற்றக் காட்சிகளும் பொய்யா?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பத்து வயதாகும் என் மகள் காட்டுயிர் ஆவணப்படம் எது வந்தாலும் விடாமல் பார்ப்பாள். பனிக்கரடி தன் குட்டியோடு வளைக்குள் இருக்கும் காட்சி ஒன்று மிருகக்காட்சி சாலையில் எடுக்கப்பட்டது என்று அண்மையில் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் 'இதுவும் பொய்தானே அம்மா?' என்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? நம்பிப் பார்க்கக்கூடிய படத்தை எப்படி அடையாளம் காண்பது? வேட்டைக் காட்சிகளை இந்த வயதில் காட்டலாமா?"

உங்கள் மகளின் கேள்வியை அடக்கிவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். இந்தப் படங்களை எடுப்பவர்களும் தங்களுக்குள் ஓயாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. காட்டுயிர்ப் படங்களின் படத்தொகுப்பில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் நான் கண்ட வழியைச் சொல்கிறேன். ஒரு காட்சி எங்கே எடுக்கப்பட்டது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், யாரும் தூண்டாதபோதும் இந்த விலங்கு தன் வாழிடத்தில் இதைச் செய்யுமா என்று கேட்கப் பழகினால், பொய் எது, தவிர்க்க முடியாத ஏற்பாடு எது என்பது தெளிவாகிவிடும்.

அவள் கேள்விப்பட்ட காட்சி, 2011இல் பிபிசி ஒளிபரப்பிய துருவப் பகுதிகளைப் பற்றிய தொடரில் வந்தது. அது நெதர்லாந்திலுள்ள விலங்குப் பூங்கா ஒன்றில் எடுக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் காட்டில் அதை எப்படி எடுத்திருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். சினையுற்ற பெண் பனிக்கரடி குளிர்காலம் தொடங்கும் முன்பே பனியைக் குடைந்து வளைக்குள் போய்விடும். குட்டிகளோடு அது வெளியே வருவது மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான். பிறக்கும்போது குட்டியின் எடை ஒரு கிலோகூட இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. அந்த வளைக்குள் யாராவது கேமராவைக் கொண்டுபோனால் தாய் மிரண்டு குட்டியைக் கைவிடலாம், கொன்றும்விடலாம். உள்ளே போனவரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே பூங்காவில் எடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அதைப் படத்தின் வர்ணனையிலேயே சொல்லாமல் தொடரின் இணையதளத்தில் மட்டும் சொன்னார்களே, அது குறைதான். உங்கள் மகளின் வருத்தத்தில் நியாயம் இருப்பதும் அந்த இடத்தில்தான். என்றாலும் பனிக்கரடி குட்டியைப் பேணுவது அப்படித்தான் என்பதால், அவள் பனிக்கரடியைப் பற்றித் தெரிந்துகொண்டது எதுவும் தவறில்லை.

இதனோடு 1958இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' படத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வட துருவப் பகுதியில் வாழும் லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்குகள் கூட்டங்கூட்டமாகப் பாறை முகட்டிலிருந்து கடலில் குதித்து மடிவதாக அதில் காட்டினார்கள். ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. பின்னர், 1980களில் கனடியத் தொலைக்காட்சி ஒன்று விசாரித்தபோது, அந்தக் காட்சி கடலே இல்லாத ஆல்பர்ட்டா மாகாணத்தில், விலைக்கு வாங்கி வந்த லெம்மிங்குகளைச் சுழலும் மேடையில் ஓடவிட்டும் ஆற்றங்கரைச் சரிவிலிருந்து கீழே தள்ளியும் எடுக்கப்பட்டது என்று தெரியவந்தது. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்வதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றின் எண்ணிக்கை பெருகும்போது உணவும் இடமும் தேடிப் பரவுகின்றன. போகும் வழியில் நீரைக் கடக்க நேர்ந்து சில மூழ்குகின்றன. பனிக்கரடிக் காட்சியில் இடம் மாறியிருந்தது, நடத்தை மெய். லெம்மிங் காட்சியில் நடத்தையே பொய், விலங்குகளும் அதற்காகத் துன்புறுத்தப்பட்டன. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னீர்களானால் பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

இனி ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரியவர்களும் கவனிக்கத் தவறுவது அதைத்தான். பனிவெளியில் நடக்கும் ஓநாயைப் பல நூறு மீட்டர் தொலைவிலிருந்து டெலி லென்ஸ் அருகில் கொண்டுவந்துவிடும். ஆனால் மைக்ரோஃபோனுக்கு அந்தத் தூரம் எட்டாது. காற்றின் இரைச்சல்தான் பதிவாகியிருக்கும். பிறகு ஒலிக்கூடத்தில் ஃபோலி கலைஞர் ஒருவர் திரையைப் பார்த்தபடி அமர்ந்து, சோள மாவு நிரப்பிய சிறு பையை இரண்டு கைகளாலும் அழுத்துவார். மாவு நெரிபடும் ஓசை, உறைபனியில் பாதம் புதையும் ஓசையாகவே கேட்கும். ஓநாயின் முன்கால் இறங்கும்போது ஓர் அழுத்தம், பின்கால் இறங்கும்போது சற்று மெதுவாக இன்னோர் அழுத்தம் என்று, அடிக்கு அடி பொருந்தும்வரை திரும்பத் திரும்பச் செய்வார். இதை ஏமாற்று என்று நான் கருதுவதில்லை. ஆனால் இதோடு சேர்த்து வைக்கும் பின்னணி இசைதான், எந்த விலங்கு நல்லது, எது கெட்டது என்று நம்மைக் கேட்காமலேயே முடிவு செய்துவிடுகிறது.

ஆகவே வீட்டில் ஒரு பயிற்சி செய்யுங்கள். ஏற்கனவே பார்த்த வேட்டைக் காட்சி ஒன்றை ஐந்து நிமிடம் ஒலியை முழுதும் அணைத்துவிட்டுப் பாருங்கள். துரத்தும் விலங்கும் தப்பிக்கும் விலங்கும் ஒரே பிரேமில் சேர்ந்து வருவது எத்தனை முறை, தனித்தனி ஷாட்டுகளாக மாறி மாறி வருவது எத்தனை முறை என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். நிழல் விழும் திசை ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறதா என்றும் பார்க்கட்டும். 2016இல் வெளிவந்த பிபிசி தொடர் ஒன்றில், காலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் ஃபெர்னாண்டினா தீவில், முட்டையிலிருந்து வெளிவந்த பல்லியினமான கடல் இகுவானாவின் குஞ்சு பாம்புக் கூட்டத்திடமிருந்து தப்பி ஓடும் காட்சியை உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்த ஓட்டம் ஒரே குஞ்சினுடையது அன்று. வெவ்வேறு குஞ்சுகளின் ஷாட்டுகளையும் சேர்த்துக் கோத்தது. ஆனால் அந்தத் தீவின் பாம்புகள் இகுவானாக் குஞ்சுகளை அப்படி வேட்டையாடுவது மெய். பாம்பும் குஞ்சும் ஒரே பிரேமில் தெரியும் ஷாட்டுகளில் நீங்கள் பார்ப்பது நடந்தது நடந்தபடியே. எண்ணத் தொடங்கிய பிள்ளைக்கு இந்த வேறுபாடு தானாகவே கண்ணில் படும், பிறகு அவள் "பொய்தானே" என்று கேட்க மாட்டாள், "எத்தனை இகுவானா?" என்று கேட்பாள்.

காலத்தை நீட்டுவதும் சுருக்குவதும் எளிதில் விளங்குபவை. நொடிக்கு 1,000 பிரேம் வீதம் எடுத்ததை 25 பிரேம் வீதம் ஓடவிட்டால் ஒரு நொடி 40 நொடியாகிவிடும். ஹம்மிங் பறவையின் சிறகடிப்பை நாம் காண்பது அப்படித்தான்.

என்னை அதிகம் உறுத்துவது, காட்டப்பட்டதைவிடக் காட்டாமல் விடப்பட்டது. சிங்கம் ஒரு நாளில் ஏறக்குறைய 20 மணி நேரம் படுத்துக் கிடக்கும், அதன் வேட்டைகளில் பெரும்பாலானவை தோற்கும். ஆனால் படத்தில் அது எழுந்தாலே இரை விழுகிறது. கென்யாவின் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் வகை விலங்குகளின் கூட்டம் கடக்கும் காட்சியை எத்தனையோ படங்களில் பார்த்திருப்பீர்கள். எதிர்க்கரையில் வரிசையாக நிற்கும் சுற்றுலா வண்டிகள் பிரேமுக்கு வெளியே போய்விடுகின்றன. முதலை பாய்ந்ததும் காட்சி முடிந்துவிடும். ஆனால் 2017இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் அந்த ஆற்றில் மூழ்கியே இறக்கின்றன. முதலைகள் தின்பது அதில் மிகச் சிறு பங்கு. மீதியைப் பிணந்தின்னிக் கழுகுகளும் மீன்களும் புழுக்களும் தின்கின்றன. எலும்புகள் கரைய ஏழு ஆண்டுகள் வரை ஆகின்றன, அவற்றின் மேல் படியும் பாசியையும் மீன்கள் மேய்கின்றன. அந்தக் கூட்டம் அங்கே ஏன் வந்தது என்ற கேள்வியும் அப்படியே நின்றுவிடுகிறது. தான்சானியாவின் செரங்கெட்டி சமவெளியின் தெற்கில் எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் குட்டைப் புல்லில் பாலூட்டும் தாய்க்கு வேண்டிய தாதுச்சத்து இருப்பதால், மழைக்காலத்தில் அங்கே போய்க் குட்டி ஈனுகின்றன. அங்கே நீர் வற்றியதும் மழையைத் தேடி வடக்கே நடக்கின்றன. மண், மழை, புல் மூன்றையும் சொல்லாத படம், விலங்கைக் காட்டுகிறதே தவிர வாழிடத்தைக் காட்டவில்லை.

எனவே படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது இடத்தின் பெயரையும் பருவத்தையும் தெளிவாகச் சொல்கிறதா என்று பாருங்கள். "ஆப்பிரிக்கா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் படத்தை நான் நம்புவதில்லை. கடைசியில் படம் எடுத்த விதத்தைக் காட்டும் பகுதி இருந்தால் அதை மகளோடு அவசியம் பாருங்கள். பல வாரம் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களை அங்கேதான் காணலாம். தாங்கள் தலையிட்டதை ஒளிக்காமல் சொல்லும் படத்துக்கு என் மதிப்பு கூடும். 2018இல் வெளிவந்த பிபிசி தொடர் ஒன்றுக்காகப் படமெடுத்தபோது, அண்டார்க்டிகாவில் பனிப்பள்ளத்தில் குஞ்சுகளோடு சிக்கிய எம்பரர் பென்குயின்களுக்காகப் படக்குழுவினர் பனியில் சரிவுப்பாதை வெட்டிக் கொடுத்ததையும், அதை அப்படியே படத்தில் சொன்னதையும் எடுத்துக்காட்டாகக் கூறலாம். விலங்கைக் கையால் பிடித்துத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டும் தொகுப்பாளரின் நிகழ்ச்சியைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

வேட்டைக் காட்சிகளைப் பொறுத்தவரை, பத்து வயதில் பார்க்கலாம். நீங்கள் அருகில் இருக்க வேண்டும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்தாமல் நிறுத்திவிடுங்கள். இரைக்காக அவள் அழுதால், வேட்டையாடிய விலங்கின் குட்டிகள் எங்கே காத்திருக்கின்றன என்று இருவரும் சேர்ந்து தேடிப் பாருங்கள்; பெரும்பாலும் அதே படத்தில், சில நிமிடம் முன்போ பின்போ, அவை இருக்கும்.