சட்டைக் கையை மட்டும் நம்பலாமா?

கேள்வி: பழம்பொருள் கடையொன்றில், உப்பிய கைகள் கொண்ட கவுன் அணிந்த பெண்ணின் வண்ணப் படத்தைச் சட்டத்துடன் வாங்கினேன். அடியில் பொடி எழுத்தில், 'மோத் கல்லச்சு' எனப் பொருள்படும் பிரெஞ்சு வரி உள்ளது. இது 1830-களின் அசலா, பிற்கால நகலா? பழுப்புப் புள்ளிகளை ப்ளீச் போட்டு நீக்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஒளிப்படத்தில், தோளில் உப்பி மணிக்கட்டில் இறுகும் கைகளும் (இவற்றுக்குப் பிரெஞ்சில் 'ஆட்டுத்தொடைக் கை' என்றே பெயர்), உச்சந்தலையில் வளையம் வளையமாக நிமிர்ந்து நிற்கும் கொண்டையும், நம் நெற்றிச்சுட்டியை நினைவூட்டும்படி நடு நெற்றியில் பதிந்த சிறு கல்லும் தெரிகின்றன. இவை ஒருசேரக் காணப்படுவது ஏறத்தாழ 1830-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில்தான். 1836 வாக்கில் அந்தக் கைகள் சட்டென ஒடுங்கிவிட்டன. ஆயினும் இது உடையின் வயதே தவிர, படத்தின் வயதன்று.

சார்ல் மோத் பாரிஸில் கல்லச்சுக்கூடம் நடத்தி 1836-இல் காலமானவர். அவருடைய மகளை மணந்த அஷீல் தெவேரியா, நாகரிக உடையில் பாரிஸ் பெண்களை வரைவதில் பெயர்பெற்றவர். ஆக, பெயரும் காலத்தோடு பொருந்துகிறது. ஆனால் நகலெடுப்பவர் அந்த வரியையும் சேர்த்தே நகலெடுத்திருப்பார்.

எனவே படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அவளுடைய கன்னத்து நிழல்மீது வையுங்கள். கல்லச்சில், சொரசொரப்பாக்கிய சுண்ணாம்புக் கல்மீது கொழுப்புச் சேர்ந்த கிரேயானால் வரைவதால், நிழல் தரையில் சிந்திய கோலமாவைப் போல ஒழுங்கற்ற பொடிமணிகளாகத் தெரியும். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால், 1880-களுக்குப் பின் பரவிய புகைப்பட அச்சு அது. அத்தோடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்ளலாம். பொடிமணிகள் தெரிந்தால் காகிதத்தையும் பாருங்கள். அக்காலத்துக் காகிதம் கந்தல் துணிக்கூழில் செய்யப்பட்டதால் இன்றும் துவண்டு கொடுக்கும். ஓரம் முழுதும் பழுத்து, தொட்டால் நொறுங்குவது பெரும்பாலும் பின்னாளைய மரக்கூழ்க் காகிதம். சால்வையின் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருப்பது கையால் வண்ணமிட்டதற்கு அடையாளம். ஆனால் பழைய கறுப்பு அச்சுக்குப் பிற்கால வியாபாரிகளும் வண்ணம் பூசியதுண்டு என்பதால், நான் அதைச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

ப்ளீச் வேண்டவே வேண்டாம். ஈரப்பதத்தால் பூஞ்சையோ காகிதத்திலுள்ள உலோகத் துகளோ உண்டாக்கும் அந்தப் புள்ளிகள் பார்வைக்குத்தான் இடைஞ்சல். ப்ளீச்சோ காகித இழைகளையே அரித்துவிடும், நீர்வண்ணத்தையும் வெளுக்கச் செய்துவிடும். அமிலமற்ற புதிய அட்டையைப் பின்னால் வைத்து, கண்ணாடி படத்தைத் தொடாதவாறு இடைவெளி விட்டு, வெயில் படாத, ஓதம் ஏறாத சுவரில் மாட்டினால் போதும். பழைய பின்னட்டையை எறிவதற்கு முன், அதில் கடைச் சீட்டோ கையெழுத்தோ இருக்கிறதா என்று பார்த்து, ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.